‘தண்ணி விழுதா?’

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. சென்னையிலிருந்து பெரிய மாமா, மதுரையிலிருந்து சித்தி, ஒசூரில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன், என்றோ ஒரு திருமணத்தில் அறிமுகமாகி எண்ணை வாங்கிக்கொண்டு போனவர் என்று வரிசையாக அழைப்பார்கள். உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, அப்பாவின் சர்க்கரை அளவு எல்லாம் அரை நிமிடத்தில் விசாரித்து முடிக்கப்படும். அதன் பிறகு குரல் சற்றே தணிந்து, அழைத்ததன் உண்மைக் காரணம் வெளியே வரும்: “தண்ணி விழுதா?”

எந்தத் தண்ணீர், எங்கே விழுகிறது என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் மேலகரம். இந்தச் சாலையில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் ஆயுளில் இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. பதில் சொல்வதற்கென்றே இங்கு ஓர் அளவுமுறையும் உண்டு. பேரருவியில் ‘நூல் மாதிரி விழுது’ என்றால் வந்து ஏமாறாதீர்கள் என்று பொருள். ‘பரவாயில்ல, நின்னு குளிக்கலாம்’ என்றால் கிளம்பலாம். ஐந்தருவியைப் பற்றிக் கேட்டால் எத்தனை கிளைகளில் விழுகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். மூன்று என்பது சுமார், ஐந்து என்பது திருவிழா. ‘ஆர்ச்சைத் தாண்டி விழுது’ என்று சொன்னால், பேரருவியின் பாதுகாப்பு வளைவையும் மீறித் தண்ணீர் கொட்டுகிறது, போலீஸார் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், ஊரில் இருந்துகொண்டே தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பதிலுக்கு ஆயுள் மிகவும் குறைவு. அருவிகளுக்குத் தண்ணீர் தரும் மலைப்பகுதி பரப்பில் சிறியது, பாறை மிகுந்தது. மேலே ஒரு மழை பெய்தால் சற்று நேரத்தில் கீழே பெருக்கெடுக்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் அருவி இளைத்துவிடும். மாலையில் ‘அஞ்சு கிளையும் விழுது’ என்று நான் சொன்ன சொல்லை நம்பி எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள், காலையில் தென்காசியில் இறங்கிக் குற்றாலம் போய்ப் பார்த்தால் இரண்டு கிளைகள்தான் விழுந்துகொண்டிருக்கும். அப்போது அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, மலை மேல் எங்கோ ஒரு வால்வு இருப்பது போலவும், அதை நான்தான் இரவோடு இரவாகப் போய் மூடிவிட்டு வந்தது போலவும் இருக்கும்.

இப்படிப் பல ஆண்டுகள் பார்வைகளை வாங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வருகிறவர்கள் கேட்கும் கேள்வியே தவறு. குற்றாலத்தில் அருவி என்பது கடைசியாக வந்து சேரும் விஷயம். எங்களுக்கு முதலில் வருவது காற்று, பிறகு சாரல், அதற்கும் பிறகுதான் தண்ணீர். இந்தச் சீசனை நாங்கள் எதிர்பார்ப்பதும், வெளியூரில் வாழ நேர்ந்தால் ஏங்குவதும் முதல் இரண்டுக்காகத்தான்.

வைகாசி முடியும் தருவாயில் ஒருநாள் மத்தியானம் வேப்ப மரம் ஒருபுறமாகச் சாயத் தொடங்கும். மேற்கே மலையின் முகட்டை மேகம் மூடியிருக்கும். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மலையேறுகிறது. மற்ற ஊர்களில் மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறித்துவிடுகிறது. இங்கே ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து கணவாயாகத் திறந்து கிடப்பதால், ஈரக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து செங்கோட்டை, தென்காசிச் சமவெளியில் இறங்கிவிடுகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மேகத்தின் தூளைத்தான் சாரல் என்கிறோம். மழை என்று அதைச் சொல்ல முடியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே விழும், ஐந்து நிமிடத்தில் நிற்கும், திரும்பவும் விழும். குடை பிடித்தால் காற்று குடையைத் திருப்பிவிடும், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைந்துவிட மாட்டோம். சட்டை மேல் விழுந்த துளி, அடுத்த துளி விழுவதற்குள் காற்றில் காய்ந்துவிடும்.

திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்தால் இதன் எல்லையை உடம்பாலேயே கண்டுபிடிக்கலாம். ஆலங்குளம் வரைக்கும் வெக்கை, கண்டக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பயணச்சீட்டு கொடுப்பார். வழியெங்கும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். அவையும் இந்தக் கணவாய்க் காற்றை நம்பி நடப்பட்டவைதான். பாவூர்சத்திரம் நெருங்கும்போது ஜன்னலோரத்தில் இருப்பவரின் தலைமுடி கலையும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொள்ளும், யாராவது ஒருவர் ‘சாரக்காத்து வந்துட்டு’ என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வார். நான் சென்னையில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆனி, ஆடி மாதங்களில் ஊருக்கு வரும்போதெல்லாம், வீட்டு வாசலுக்குச் சற்றும் குறையாத இடமாக எனக்கு இருந்தது அந்தப் பாவூர்சத்திரம் நிறுத்தம்தான்.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துவிடும். இரவெல்லாம் தகரக் கூரைகள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். எங்கள் அம்மாவுக்குச் சாரல் காலம் என்றாலே வீட்டுக்குள் கட்டிய கொடிகளும், அவற்றில் தொங்கும் ஈரத் துண்டுகளும்தான் நினைவுக்கு வரும். அந்தத் துண்டுகளில் பாதி விருந்தினர்களுடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விருந்தினர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சுற்றுலாத் தலத்தில் குடியிருப்பவனுக்கு விடுமுறை என்ற ஒன்று கிடையாது. ஊரார் விடுமுறைகள் எல்லாம் அவன் வீட்டில்தான் நடக்கின்றன. எங்கள் வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு பட்டாசாலையும் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு அதில் 19 பேர் படுத்திருந்ததை நான் எண்ணியிருக்கிறேன். அதிகாலையில் 19 பேருக்கும் காபி போட்டு, குளித்துவிட்டு வந்ததும் அகோரப் பசியோடு அமர்பவர்களுக்கு இட்லி அவித்துப் போட்டுக்கொண்டே இருப்பார் அம்மா. அருவித் தண்ணீர் பசியைக் கிளப்பும் என்று குற்றாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பெருமையாக எழுதுகிறார்கள். அந்தப் பசிக்கு மாவாட்டுகிறவர்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை. அம்மா கடைசியாக எப்போது அருவியில் குளித்தார் என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “ஒன் தங்கச்சி சடங்குக்கு முந்தின வருசம்” என்றார். அதற்குள் தங்கையின் மகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

விருந்தோம்பலில் இந்த ஊருக்கு ஒரு பெரிய முன்னோடி இருந்தார். 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு விருந்தினராக வந்தவர்கள். காலையில் அருவி, பிறகு சாப்பாடு, அதன் பிறகு கவிதை என்று அந்த வீட்டின் நாட்கள் நடந்ததாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அருவியில் தண்ணீர் வற்றிய நாட்களிலும் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் ஏமாந்து திரும்பியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கவிதை சொல்ல எனக்குத் தெரியாது. ஆகவே தண்ணீர் விழாத நாளில் நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு தென்காசிக் கோபுர வாசலுக்குப் போவேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சீசன் நாட்களில், அதிலும் சனி, ஞாயிறுகளில் குற்றாலம் எப்படியிருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர் வருவதற்குள் கார்கள் நின்று நின்று நகரும். பேரருவிக்குக் கீழே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கம்பி கட்டி வரிசை விட்டிருப்பார்கள். வரிசையில் நனைந்தபடி நின்று உள்ளே போனால், தண்ணீர் தலையில் விழுகிறதா, பக்கத்தில் நிற்பவரின் முழங்கை விழுகிறதா என்று பிரித்தறிய முடியாது. போலீஸ்காரரின் விசில் ஒலித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: புதன்கிழமை வாருங்கள். புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பேரருவியில் பத்துப் பதினைந்து பேர்தான் நிற்பார்கள். முதுகைப் பாறைப் பக்கம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குள் அந்த இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லாமல் கால் மணி நேரம் நிற்கலாம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு அடியில் மனிதன் நிற்க முடிவதற்குக் காரணம், அது பாதி வழியில் பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து பொங்கிக் கீழே இறங்குவதுதான். மலை தானே அமைத்துக்கொடுத்த இந்தத் தடுப்பைப் பற்றி அறியாமலேயே லட்சக்கணக்கானவர்கள் இங்கே தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

குளித்து முடித்தவர்கள் பெரும்பாலும் கடைத்தெருவோடு திரும்பிவிடுவார்கள். நேந்திரங்காய்ச் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், துண்டு, பிளாஸ்டிக் பொம்மை. மங்குஸ்தான் வாங்குவதானால் தோலை மெல்ல அமுக்கிப் பார்த்து, விட்டுக்கொடுக்கும் பழமாக வாங்குங்கள். கல்போல் இருப்பது கெட்டது. அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் கட்டப்பட்டது என்பதையும், நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபை அதற்குச் சற்றுத் தள்ளித் தனியே இருக்கிறது என்பதையும் கவனிப்பவர்கள் குறைவு. அந்தச் சபையின் பெயருக்கேற்ப உள்ளே சுவரெல்லாம் ஓவியங்கள். அருவியில் ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அங்கே போய் நின்றால், பெரும்பாலும் நீங்களும் ஒரு காவலாளியும்தான் இருப்பீர்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மேலகரத்துக் கவிஞரான திரிகூடராசப்பர் குற்றாலக் குறவஞ்சி பாடிய காலத்தில் இந்த மலையின் குரங்குகள் பழத்தைப் பகிர்ந்து கொடுக்கும் குணம் படைத்தவையாக இருந்தன. மூன்று நூற்றாண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. கையில் இருக்கும் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லும்போது விளையாட்டுக்கு இடமில்லை. 2024 மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்த என் நண்பர்கள் பலர், ‘கீழே மழையே இல்லையே, எப்படி வெள்ளம் வந்தது?’ என்று கேட்டார்கள். கீழே மழை இல்லாதபோது வருவதுதான் இங்கத்திய வெள்ளம். அருவிக்கு அடியில் நிற்பவனுக்கு மலை உச்சி தெரியாது. மேலே காட்டுக்குள் கொட்டும் கோடை மழை பாறைமேல் தங்காமல் அப்படியே வழிந்து இறங்கிவிடும். உள்ளூர்க்காரர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே குளிப்பார்கள். பளிங்குபோல் விழுந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சலின் கனம் மாறினாலோ, யோசிக்காமல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. அவர்களுக்கு விசில்தான் இருக்கிறது. அது ஒலித்தால் இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சாதீர்கள்.

சிறுவயதில் எங்களுக்கு மலை மேலுள்ள செண்பகாதேவி அருவி வரைக்கும் ஏறிப் போகும் உரிமை இருந்தது. இப்போது அந்தப் பாதையை வனத்துறை பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கிறது. சித்ரா பௌர்ணமியின்போது அங்குள்ள அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. தேனருவி அதற்கும் மேலே. போக முடியவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பேரருவிக்குக் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிடக்கும் ஷாம்பு உறைகளைப் பார்த்த பிறகு, அடைத்து வைத்தது சரிதான் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் அருவியில் கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகும், இடுப்புத் துண்டில் சோப்பை மறைத்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இவ்வளவு தண்ணீர் போகுதே, ஒரு சோப்பு என்ன செய்துவிடும்?’ என்பது அவர்கள் வாதம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பேரருவித் தண்ணீர்தான் சிற்றாறாகி, கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, தென்காசியைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் மீதி தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. இங்கே ஜூனில் தொடங்கும் நெல் சாகுபடிக்குக் கார் என்று பெயர். அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் கார் நடவு. ஆகவே ‘தண்ணி விழுதா’ என்ற கேள்வியை முதன்முதலில் கேட்டவர்கள் சுற்றுலாப் பயணிகளாக இருக்க வாய்ப்பில்லை. என் தாத்தா அதே சொற்களால், வேறொரு கவலையோடு, விடிந்ததும் தெருவில் போகிற ஆட்களிடம் கேட்டுக்கொண்டிருப்பார். பேரருவியில் அவர் குளித்து நான் பார்த்ததே இல்லை.

இதைவிடக் கோபம் வரவழைத்தது தனியார் விடுதிகள் சில செய்த காரியம். மலையடிவாரத்தில் ஓடையின் இயற்கையான போக்கைத் திருப்பி, தங்கள் வளாகத்துக்குள் தங்களுக்கென்றே செயற்கை அருவி அமைத்து, அதில் குளிக்கக் கட்டணமும் வாங்கினார்கள். விவகாரம் 2022-இல் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கே போய்க் குளித்துவிட்டு வந்த உறவினர் ஒருவர், ‘கூட்டமே இல்ல, நல்லா நிம்மதியா இருந்துச்சு’ என்று எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னார். விருந்தாளி என்பதால் அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

இந்த ஊரைப் புதிதாகப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மலையாளிகள். அவர்களுக்கு அருவி புதிதல்ல. கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலருவி இருக்கிறது, அதைவிடப் பெரியவையும் இருக்கின்றன. அவர்கள் வருவது நாங்கள் ஒருபோதும் பொருட்படுத்தாத சமவெளிக்கு. சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றி ஆடி மாதத்தில் சூரியகாந்தி பூக்கும். எண்ணெய் வித்துக்காகப் பயிரிடுவது அது. பூவை யாரும் பூவாகப் பார்த்ததில்லை. ஒரு வருடம் கொல்லம், கோட்டயம் பதிவெண் கொண்ட கார்கள் வரப்போரத்தில் நிற்பதைப் பார்த்து நாங்கள் விபத்தோ என்று பயந்தோம். இறங்கிப் போய்ப் பார்த்தால், குடும்பம் குடும்பமாக மஞ்சள் பூக்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பச்சை மலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தட்டையான நிலமும், அடிவானம் வரைக்கும் தடையில்லாமல் ஓடும் கண்ணும் அதிசயம் என்பது பிறகுதான் விளங்கியது. ‘நிங்ஙள் பாக்கியவான்மாரா’ என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். பயிரை மிதித்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் அவர் அருகே போயிருந்தேன். சில விவசாயிகள் இப்போது மூங்கில் கட்டி ஆளுக்கு இத்தனை என்று வாங்குகிறார்கள். மிதிபட்ட செடிக்கு வேறு யார் ஈடு தருவார்கள்? பக்கத்தில் உள்ள ஒரு பாறை, சினிமாப் பாட்டு ஒன்று எடுத்ததிலிருந்து அந்தப் படத்தின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதன் பழைய பெயரை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “பாறைன்னுதான் சொல்லுவோம்” என்றார்.

எங்களுக்கும் மலையாளிகளுக்குமான உறவு சுற்றுலாவுக்கு முந்தையது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடும், பிறகு அமைந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அந்த எல்லை பிரானூரில் ஓடியது. எல்லை மறைந்து எழுபது ஆண்டு ஆகப்போகிறது. ஆனால் பேருந்தில் ‘பார்டர்’ என்று கேட்டுத்தான் பயணச்சீட்டு எடுக்கிறோம், அங்கே விற்கும் பரோட்டாவும் பார்டர் பரோட்டாதான். சிறிய, மெல்லிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, நாட்டுக்கோழி வறுவலோடு வாழை இலையில் வைப்பார்கள். அருவியில் குளித்த பசியோடு மதியம் ஒரு மணிக்குப் போனால் இடம் கிடைக்காது; நான்கு மணிக்குப் போகிறவன் புத்திசாலி. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலும் இதே கணவாயின் வழியாகத்தான் போகிறது. 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்கி, 2018-இல் மீண்டும் ஓட்டினார்கள். சாரல் காலத்தில் செங்கோட்டையில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, குகைகளைக் கடந்து, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், காற்று எந்த வழியாக எங்கள் ஊருக்குள் வருகிறது என்பதை நேரிலேயே பார்த்துவிடலாம். அருவியில் குளிக்காமல் ஊர் திரும்ப நேர்ந்தவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆறுதல் இது.

இரண்டாவது ஆறுதல், முன்பே சொன்ன கோபுர வாசல். தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம், பின்னாளில் சிதைந்து இரண்டாகப் பிளந்து மொட்டையாக நெடுங்காலம் நின்றது. என் அப்பாவின் தலைமுறையில் பலர் கோபுரம் இல்லாத கோயிலையே பார்த்து வளர்ந்தார்கள். 1990-இல் புதுக் கோபுரம் எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது. தன் காலத்துக்குப் பிறகு இந்தக் கோயிலைப் பேணிக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று கட்டிய அரசனே கல்லில் எழுதி வைத்திருக்கிறான். ஆனி, ஆடியில் அந்தக் கோபுர வாசலில் நின்றால், கணவாய்க் காற்று குவிந்து வந்து ஆளைத் தள்ளும். வேட்டி கட்டியவர்கள் ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் அர்ச்சனைத் தட்டையும் பிடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் கைகளை விரித்துக்கொண்டு காற்றின் மேல் படுத்துப் பார்ப்பார்கள். நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கும் முதியவர்களை எனக்குத் தெரியும். அருவியைப் போல அதற்குக் கிளைக் கணக்கு கிடையாது. சீசனில் ஏமாற்றியதும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் அருவிகளுக்கு இன்னொரு வாழ்வு வரும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நன்றாகவே விழும், சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். ஆனால் அப்போது காற்று கிடையாது, சாரலும் கிடையாது. அது தண்ணீர் மட்டும்தான். பங்குனியில் வந்தால் அதுவும் இருக்காது. பேரருவிப் பாறை வெயிலில் காய்ந்து, தண்ணீர் ஓடிய தடம் மட்டும் கருத்துத் தெரியும். கடைகள் பாதி மூடிக் கிடக்கும். அந்த நாட்களில் மாலை வேளைகளில் நான் அங்கே போய் உட்கார்வது உண்டு. சீசனில் இத்தனை ஆயிரம் பேர் முண்டியடித்த இடத்தில் ஒரு நாய் படுத்துத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் உள்ளூர்க்காரனுக்கு மட்டும் ஒரு சிறு திருப்தி இருக்கிறது. அதை நியாயப்படுத்த நான் முயலவில்லை.

சென்ற ஆனியில் பெரிய மாமா வந்தார். வருவதற்கு முன் அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. வழுக்கும் பாறையில் இனி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். வந்த முதல் நாள், கழுத்துவரை துண்டைச் சுற்றிக்கொண்டு சோகமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேப்ப மரத்தின் இரைச்சலைக் கேட்டபடி திண்ணையிலேயே சாய்ந்து தூங்கினார். முகத்தில் சாரல் பட்டதும் விழித்து, துடைத்துக்கொள்ளாமல் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஐந்தருவியில் நாலு கிளை விழுகிறது என்று நான் தெருவில் கேட்டு வந்து சொன்னபோது, “விழட்டும் மாப்ளே” என்றார்.

சாயங்காலம் அவருடைய கைப்பேசி ஒலித்தது. தாம்பரத்திலிருந்து அவர் நண்பர். எதிர்முனையில் என்ன கேட்டிருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? மாமா பேசிக்கொண்டே வலக்கையைத் திண்ணைக்கு வெளியே நீட்டினார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்து, ஈரமான உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“சாரல் இருக்கு,” என்றார். “வாரதுன்னா புதன்கிழமை வா.”